எழுத்துப் பிழையும் ஒலிவழித் தேடலும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் என் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குச் செல்ல நேர்ந்தது. அவருக்கு வேண்டியிருந்தது தம்முடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. மூலப் பத்திரம் இடப்பெயர்வுக் காலத்தில் வீட்டோடும் பெட்டியோடும் போய்விட்டது. ஓய்வூதியம் பெறுவதற்கு வயதை நிறுவ வேண்டும். வயதை நிறுவப் பத்திரம் வேண்டும். அவருடைய பெயர் சண்முகம். தமிழில் எழுதினால் ஐந்தே எழுத்து. பிழை விடுவதற்கும் அதிக இடமில்லை. ஆனால் அங்கிருந்த பழைய பதிவுகளின் அட்டவணை ஆங்கில எழுத்திலே கணினியில் ஏற்றப்பட்டிருந்தது.

இளம் இலிகிதர் ஒருவர், எஸ் என்னும் எழுத்தையும் எச் என்னும் எழுத்தையும் முதலில் இட்டு அப்பெயரைத் தட்டச்சிட்டார். அவ்வாறு ஒருவரும் இல்லை என்றது கணினி. எச் எழுத்தை நீக்கிப் பார்த்தார். அப்பொழுதும் இல்லை. என் உறவினர் தம் முன்னாலேயே தாம் பிறக்கவில்லை என்று இருமுறை அறிவிக்கக் கேட்டவராய்ப் பேசாதிருந்தார். பக்கத்து மேசையில் இருந்த மூத்த இலிகிதர் தலை நிமிராமலே, “தம்பி, ஐயாவின் வயசைப் பாரும். அந்தக் காலத்துப் பதிவு. சி, எச் போட்டுப் பாரும்” என்றார். போட்டார். பெயர் வந்தது, தகப்பனார் பெயரும் பிறந்த ஊரும் அதனோடு வந்தன.

அந்த மூத்த இலிகிதரிடம் இருந்தது எழுத்தறிவு மட்டுமன்று, செவியறிவு. வெவ்வேறாக எழுதப்பட்ட பெயர்கள் ஒரே பெயராகக் கேட்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவை ஓர் இயந்திரத்துக்கு ஊட்ட முடியுமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா கணினிக்கு முந்தியது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்தைச் சேர்ந்த றொபேட் றசல் என்பவர் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2ஆந் தேதி ஒரு புத்தாக்க உரிமம் பெற்றார். அவர் உரிமம் பெற்றது சக்கரமும் நெம்புகோலும் கொண்ட பொறிக்கு அன்று. பெயர்களை அட்டைகளில் அடுக்கும் ஒரு முறைக்கு. பெயர்களை எழுத்தின்படி அடுக்காது ஒலியின்படி அடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அம்முறையே பின்னர்ச் சிறிது திருத்தமுற்று ‘சவுண்டெக்ஸ்’ என்னும் பெயரால் வழங்கலாயிற்று.

அதன் விதிகள் ஒரு சிறு தாளில் அடங்கும். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் வரும் உயிர்களையும், எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். எஞ்சிய மெய்களுக்கு இலக்கம் இட வேண்டும். இதழிற் பிறக்கும் எழுத்துகளுக்கு 1. அதாவது பி என்னும் பெயருடைய இரண்டுக்கும், எஃப், வி என்பவற்றுக்கும். (அவ்விரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயரையும் தமிழில் நாம் ஒரே ‘பி’ என்றே எழுதுகின்றோம் என்பது றசலின் கருத்துக்கு நாமே அளிக்கும் சாட்சியம்.) சி, ஜி, ஜே, கே, கியூ, எஸ், எக்ஸ், இசட் என்பவற்றுக்கு 2. டி, ரி இரண்டுக்கும் 3. எல் எழுத்துக்கு 4. மெல்லோசை உடைய எம், என் இரண்டுக்கும் 5. ஆர் எழுத்துக்கு 6. ஒரே இலக்கமுடைய எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒரு முறை மட்டும் எழுத வேண்டும். மூன்று இலக்கம் ஆனதும் நிறுத்த வேண்டும். குறைந்தால் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும்.

எனவே சிமித் என்னும் ஆங்கிலப் பெயரை நடுவில் ஐ இட்டு எழுதினாலும் வை இட்டு எழுதினாலும் எஸ் 530 என்னும் ஒரே குறியீடு கிடைக்கும். நம் பெயர்களிலும் இது ஓரளவு செல்லும். சிவபாலன் என்பதன் நடுவெழுத்தை வல்லோசையாக எழுதினாலென்ன, மென்மையாக எழுதினாலென்ன, முதலில் எச் சேர்த்தாலென்ன, விடை எஸ் 114 என்பதே. தம்பையா என்னும் பெயரை நம் முன்னோர் ஆங்கிலத்தில் எழுதிய மூன்று நான்கு விதங்களும் ரி 510 என்னும் ஒரே பெட்டிக்குள் வந்து விழும்.

இவ்வட்டை முறைக்குப் பெருவாழ்வு அளித்தது முதியோரின் துன்பமே. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 65 வயதடைந்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் கிடைக்க வழி பிறந்தது. வயதை எவ்வாறு நிறுவுவது? அவர்கள் பிறந்த காலத்தில் பல மாநிலங்களிற் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறவில்லை. எஞ்சியிருந்த சான்று, பத்தாண்டுக்கொருமுறை எடுத்த குடிசன மதிப்பீட்டு ஏடுகளே. அவ்வேடுகளில் பெயர்களை எழுதியவர்கள் வீடு வீடாகச் சென்ற கணக்கெடுப்பாளர்கள். யேர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறியோர் வாயினாற் சொன்னதைத் தம் காதிற் பட்டவாறு எழுதிச் சென்றனர். சொன்னவருக்கு எழுத்துக்கூட்டுத் தெரியாது. எழுதியவருக்கு அம்மொழி தெரியாது.

அவ்வேடுகளுக்குச் சவுண்டெக்ஸ் முறையில் அட்டவணை அமைக்கும் பணி, வேலையற்றோருக்குத் தொழில் கொடுக்கவென 1935இல் நிறுவப்பட்ட ஓர் அரசாங்க நிருவாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1880ஆம் ஆண்டுக் கணக்கில், பத்து வயதும் அதற்குட்பட்டதுமான பிள்ளைகள் இருந்த குடும்பங்களுக்கு மாத்திரம் அட்டை எழுதினர். ஓய்வூதிய வயதை அண்மியிருந்தோர் அப்பிள்ளைகளே. 1900ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கணக்குகளுக்கும் அட்டைகள் எழுதப்பட்டன. இடையிலுள்ள 1890ஆம் ஆண்டின் கணக்கு எங்கே என நேயர்கள் வினவலாம். 1921இல் வாசிங்ரனில் ஏற்பட்ட தீயிலும் அதைத் தொடர்ந்த கவனிப்பின்மையிலும் அதன் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. வேலையிழந்தோர் எழுதிய அட்டைகளால் முதியோர் தம் வயதை நிறுவினர் என்னும் செய்தியை, இவ்வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த செய்தி எனக் கூறுவேன்.

இனிக் குறைக்கு வருவோம். என் உறவினரின் பெயரைச் சவுண்டெக்ஸ் விதியில் இட்டுப் பார்த்தேன். எஸ் எழுத்தில் தொடங்கும் இரு வடிவங்களும் எஸ் 525 ஆயின. சி எழுத்தில் தொடங்கும் வடிவமோ சி 525 ஆயிற்று. மூன்று இலக்கமும் ஒன்றே. முதலெழுத்து மாத்திரம் வேறு. ஆகவே இம்முறையைக் கையாளும் கணினியும் அவரைப் பார்த்து ‘இல்லை’ என்றே சொல்லியிருக்கும். அரசியலில் யாவரும் அறிந்த செல்வநாயகம் என்னும் பெயரும் அவ்வாறே. அவர் தாமே எழுதிய முறையில் அது சி 415. இன்று பலர் எழுதும் முறையில் எஸ் 415. கனகசபை என்பது கே 522, பழைய முறையில் சி 522.

றசல் முதலெழுத்தைத் தொடாது விட்டமைக்குக் காரணம் அட்டைப் பெட்டிகளை அகர வரிசையில் அடுக்கும் வசதியே போலும். ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்துப் பெரும்பாலும் நிலையானது, தடுமாற்றம் நடுவிலேதான். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போதோ தடுமாற்றம் தலைவாசலிலேயே நிற்கின்றது. நம்முடைய ஒரு சகரம் இடத்துக்கேற்ப எஸ் ஆகும், சி எச் ஆகும், எஸ் எச் ஆகும். ஒரு ககரம் கே ஆகும், பழையோர் கையில் சி ஆகும். ஆங்கிலச் செவிக்கு அமைத்த பூட்டு நம் கதவுக்குப் பொருந்தாமைக்குப் பூட்டுச் செய்தவனை நோவதிற் பயனில்லை.

நம் மொழியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எல் எழுத்தில் முடித்து எழுதினால் ரி 540. தமிழ்நாட்டில் இன்று பலர் விரும்பி எழுதுமாறு ழகரத்துக்கு இசட், எச் இட்டு எழுதினால் ரி 520. தமிழும் தமிழும் வெவ்வேறு சொற்கள் என்று இயந்திரம் தீர்ப்புக் கூறுகின்றது. மறுபுறம், கந்தையா என்னும் பெயரும் கண்டி என்னும் நகரமும் கே 530 என்னும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. கந்தையாவைத் தேடிச் சென்றவருக்குப் பெரகரா ஊர்வலத்தைக் காட்டுவது உபசாரமாகலாம், விடையாகாது.

இக்குறையை உணர்ந்தவர் நாம் மட்டுமல்லர். 1985ஆம் ஆண்டளவில் அமெரிக்க யூத வமிச வரலாற்று ஆய்வாளரான கேரி மொகோற்றோவ், பழைய பலஸ்தீனத்தில் தம் பெயர்களை மாற்றிக்கொண்டோரின் பட்டியலுக்கு அட்டவணை அமைக்கும்போது இதே இடரை எதிர்ப்பட்டார். கிழக்கு ஐரோப்பிய யூதர் பெயர்களில் டபிள்யூ எழுத்தும் வி எழுத்தும் ஒரே ஒலிக்கு வழங்குவன. மொஸ்கோவிற்ஸ் என்னும் பெயரை ஒருவாறு எழுதினால் எம் 232, மற்றவாறு எழுதினால் எம் 213. உடன்பிறந்தார் இருவர் இரு பெட்டிகளிற் பிரிந்து கிடப்பர். மொகோற்றோவும் அவர் நண்பர் ரண்டி டெயிச்சும் சேர்ந்து புதிய விதிகளை வகுத்தனர். முதலெழுத்துக்கும் இலக்கம் இட்டனர். குறியீட்டை ஆறு இலக்கமாக நீட்டினர். இருவகையாக ஒலிக்கக்கூடிய எழுத்து வந்தால் ஒரு பெயருக்கே இரு குறியீடு கொடுத்தனர். சி எச் என்பதை இருவாறு ஒலிக்கலாம் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டமை நம் சண்முகத்துக்கும் செல்வநாயகத்துக்கும் பயன்படக்கூடிய உதவி. தம் மக்களின் செவிக்கேற்பத் தாமே விதி செய்துகொண்டனர் என்பதை நாம் உற்று நோக்க வேண்டும்.

இக்காலத்துப் பெரிய தேடுபொறிகளுக்கு இவ்விதிகள் வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். கூகிள் போன்றவற்றில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினாலும் ‘நீங்கள் தேடியது இதுவா’ என்னும் பொருள்பட அது திருத்திக் காட்டுகின்றதே என்பர். உண்மை. ஆயின் அது திருத்தும் வழி வேறு. ஒருவர் ஒரு சொல்லைப் பிழையாக எழுதுகிறார். விடை வாய்க்காதபோது உடனே திருத்தி எழுதுகிறார். கோடிக்கணக்கானோர் இவ்வாறு செய்வதை அப்பொறி நினைவில் வைத்திருக்கின்றது. பிரிட்னி ஸ்பியர்ஸ் என்னும் பாடகியின் பெயரை மக்கள் எழுதிய விதங்கள் எத்தனை என்று அந்நிறுவனம் முன்னொருமுறை பட்டியல் வெளியிட்டது, ஏறத்தாழ 600. அத்தனையும் சரியான இடத்துக்கே கொண்டு சேர்க்கப்பட்டன. புகழ் பெற்றவருக்குக் கூட்டத்தின் நினைவு துணை. ஒரு கிராமத்திற் பிறந்து, ஒரு பதிவேட்டில் ஒருமுறை எழுதப்பட்டவரின் பெயரை யார் ஆயிரம் முறை பிழையாக எழுதித் திருத்துவர்? அவருக்குச் செவியின் விதியே துணை. அதனாலன்றோ ஒறக்கிள் முதலிய தரவுத்தள மென்பொருள்களில் நூறாண்டு கடந்த சவுண்டெக்ஸ் இன்றும் ஒரு கட்டளையாக இடம்பெற்றிருக்கின்றது.

எழுத்து வேற்றுமையை எண்ணிப் பார்க்கும் இன்னொரு வழியும் உண்டு. 1964இல் பிரெட் டாமரோ என்பவர், எழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை நான்கே வகையின என்று காட்டினார்: ஓரெழுத்து விடுபடல், ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்து வேறாதல், அடுத்துள்ள ஈரெழுத்து இடம் மாறல். அடுத்த ஆண்டு உருசியரான லெவன்ஸ்ரைன், ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்ற எத்தனை திருத்தம் வேண்டும் என்று அளக்கும் முறையை வெளியிட்டார். தட்டச்சிற் கைதவறி நேரும் பிழைகளுக்கு இவ்வளவை மிகச் சிறந்தது. பெயர்களுக்கோ போதாது. செல்வநாயகத்தின் இரு ஆங்கில வடிவங்களுக்குமிடையே மூன்று திருத்தம். செவிக்கு அவை ஒன்றே. ராமன், ராஜன் என்னும் இரு பெயர்களுக்குமிடையே ஒரே திருத்தம், ஆளோ வேறு. கைப்பிழை ஒன்று, செவிப்பிழை மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கலாகாது.

ஆங்கில எழுத்தை விடுத்துத் தமிழெழுத்திலேயே தேடினால் இத்தொல்லை தீருமா? குறையும், தீராது. லகர ளகர ழகரங்களையும், ரகர றகரங்களையும், நகர ணகர னகரங்களையும் மயங்கொலி எழுத்துகள் என்று பள்ளிக்கூடத்திலேயே கற்பித்தார்கள். மயங்குவது செவி, பிழைப்பது கை. இவற்றை ஒவ்வோர் இனமாகக் கட்டி ஒவ்வோர் இலக்கம் கொடுப்பதே தமிழுக்கு ஒலிவழித் தேடல் அமைப்பதன் முதற்படி. இத்துறையில் நாம் வெறுங்கையராய் இல்லை. எழுத்துகள் எங்கெங்குப் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துரைக்கின்றது. ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து வந்தும் பொருள் மாறாமையைப் போலி என்று இலக்கணகாரர் பெயரிட்டு, முதல், இடை, கடை என வகையும் காட்டினர். செய்யுளில் மோனை கொள்ளும்போது சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் இனமாகக் கொள்ளப்படும். ஒலியின் உறவைக் கொண்டு எழுத்தைக் கூட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

ஆயினும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது, நம் மயங்கொலிகள் பொருளை மாற்றுவன. மரம் வேறு, மறம் வேறு. கலை, களை, கழை மூன்றும் வேறு. ஆகவே இயந்திரம் எழுதியவாறே உள்ளதை முதலிற் காட்டி, ஒலியால் ஒத்ததை அதன் பின்னரே காட்டுதல் வேண்டும். கேட்டவரை வினவாது தானாகத் திருத்தும் பொறியைப் பிழையாக எழுதும் மாணாக்கனைவிட மோசமானதாகவே கருதுகிறேன்; மாணாக்கனுடைய பிழை கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, மீண்டும் அந்த முதலெழுத்து. இராசரத்தினம் என்று ஒருவர் எழுதுவார். ராஜரத்தினம் என்று இன்னொருவர் எழுதுவார். அகர வரிசையில் ஒருவர் தொடக்கத்திலும் மற்றவர் கடைசியிலும் இருப்பர். நாம் யப்பான் என்கிறோம். தமிழ்நாட்டார் ஜப்பான் என்கின்றனர். நமக்கு அவுஸ்திரேலியா, அவர்களுக்கு ஆஸ்திரேலியா. நமக்கு ரெலிபோன், அவர்களுக்கு டெலிபோன். இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆங்கில ஒலியை யாழ்ப்பாணத்துச் செவி ஒருவாறும் சென்னைச் செவி மற்றொருவாறும் கொண்டன. 2005ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் திரட்டிவரும் ‘நூலகம்’ போன்ற எண்ணிம நூலகங்களில், கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளை ஒருவர் தம் பாட்டனாரின் கட்டுரையைத் தேடுவாராயின், பாட்டனார் தம் பெயரை எவ்வாறு எழுதினார் என்பதை அவர் அறிந்திருப்பது அரிது. தமிழுக்கு அமைக்கும் ஒலிவழிக் குறியீடு முதலெழுத்தை நம்பியிருத்தல் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதுபற்றியே. சொல்லின் முதலில் வரும் இகர உகரங்களை ரகர லகரங்களின் முன் விட்டுவிடவும், யகரத்தையும் ஜகரத்தையும் ஒரே இனமாக்கவும் அது துணிய வேண்டும்.

செவிக்கே சம்பந்தமில்லாத ஒரு பிழையையும் குறிப்பிட்டுச் செல்கிறேன். கௌரி என்னும் பெயரை எழுதுவோர் சிலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டச்சிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. தேடுமுன் இவற்றை ஒருமுகப்படுத்தாவிடின் ஒலி விதி எதனாலும் பயனில்லை.

என் உறவினரின் காரியம் அன்றே முடிந்தது என்று நேயர்கள் எண்ணியிருக்கலாம். பத்திரத்தின் பிரதி கைக்கு வந்தது. அதிலே பெயர் சி எழுத்தில் தொடங்கியது. பாடசாலைச் சான்றிதழில் எஸ் எச். கடவுச்சீட்டில் தனி எஸ். மூன்று பத்திரத்திலும் கண்டவர் ஒருவரே என்று சத்தியக் கடதாசி கொண்டுவருமாறு ஓய்வூதியப் பகுதியில் கேட்டனர். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் அவர் அதற்குக் கையொப்பமிட்டார். தமிழிலேதான் இட்டார்.